அப்பாவின் பழைய ஸ்டில் 070: சோக்கில் ஓடுது, விட்டால் நிற்குது

தம்பி, நிலாவெளி வளவில் விழுந்த பாலை மரத்தை விறகாக்க வேணும், அப்பாவின் செயின்சோ சோக்கில் (காற்றைக் குறைத்துப் பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கும் நிலை) மட்டும்தான் ஓடுது என்று எழுதியிருந்தீங்கள். தயவுசெய்து சோக்கிலேயே வைத்து அறுக்கப் போகாதீங்கோ. இஞ்சினுக்குப் பெற்றோல் போதவில்லை. பெற்றோலில் கலக்கிற 2T (டூ-ஸ்ட்ரோக்) ஒயிலும் அதோடுதான் உள்ளே போகுது. அந்த நிலையில் சுமை கொடுத்தால் பிஸ்டன் இறுகிவிடும். அருமையான மெசின் அது, வீணாக்க வேண்டாம்.

முதலில் டாங்கிக்குள் கிடக்கிற ரப்பர் குழாயை வெளியே இழுத்து வளைத்துப் பாருங்கோ, வெடிப்பு தெரியும். அடுத்தது கார்புரேற்றருக்குள் இருக்கிற மெல்லிய சவ்வு, டயப்ரம். நல்லதென்றால் விரலுக்கு மெத்தென்று இருக்கும். நெடுநாள் சும்மா கிடந்தது விறைத்து, அழுத்தினால் சடசடக்கும். என் கணிப்பு இதுதான். மாற்றும் வரைக்கும் கார்புரேற்றர் திருகாணிகளைத் தொடாதீங்கோ. சாதாரண 2T என்றால் 1 லீற்றர் பெற்றோலுக்கு 40 மில்லி கலவுங்கோ.

பாலை வைரம் பாய்ந்த மரம். வாளிலிருந்து சீவல் வராமல் மாவாகக் கொட்டினால் செயின் மொட்டை; .404 அளவுச் செயினுக்கு 5.5 மி.மீ. வட்ட அரம் சரி. பாரின் (செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகட்டின்) நுனியை ஒரு மட்டைப்பெட்டிக்கு நேரே பிடித்து வேகம் கொடுங்கோ, ஒயில் கோடு விழாவிட்டால் அறுக்க வேண்டாம்.

இந்தப் பழைய மொடல்களில் செயின் பிரேக் இல்லை. பார் நுனியின் மேல்பக்கம் கட்டையில் முட்டினால் வாள் முகத்துக்கு நேரே எகிறும். ஆகவே நுனியால் ஒருநாளும் குத்தி அறுக்காதீங்கோ.

டயப்ரம் மாற்றியும் நின்றால் பிளக்கைக் கழற்றிப் படம் போடுங்கோ. வெள்ளையாக இருந்தால் கிராங் சீலால் (இஞ்சினின் சுழல்தண்டைச் சுற்றியிருக்கிற அடைப்பு வளையத்தால்) காற்று இழுக்குதா என்று பார்ப்போம்.