சம்பளம் சேஃபாவில் என்றால் பயப்பட வேண்டுமா?

கேள்வி: தூத்துக்குடியில் முந்திரிக் கொட்டை இறக்குமதி செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். கொள்முதலைக் கவனிக்க இரண்டு வருடத்துக்கு ஐவரி கோஸ்டில் உள்ள அபிஜானுக்கு அனுப்புகிறார்கள். சம்பளம் மாதம் 10 லட்சம் சிஎஃப்ஏ பிராங்க். "அது பிரான்ஸ்காரன் பணம். பிரான்ஸுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இப்போது ஆகவில்லை, ஒருநாள் செல்லாமல் போய்விடும்" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். டாலரில் கேட்கட்டுமா?

பதில்: 10 லட்சம் என்றதும் மயங்கவும் வேண்டாம், நண்பர்கள் சொன்னதைக் கேட்டு மிரளவும் வேண்டாம். சம்பளத்தை 655.957 ஆல் வகுத்துப் பாருங்கள். 1,524 யூரோ சொச்சம் வரும். இன்று வகுத்தாலும் அதுதான், 1999 ஜனவரியில் வகுத்திருந்தாலும் அதுதான். இந்த ஓர் எண்ணைப் புரிந்துகொண்டால் உங்கள் கேள்வியில் பாதி தீர்ந்துவிடும்.

சிஎஃப்ஏ பிராங்க் (அங்கே எல்லோரும் 'சேஃபா' என்றுதான் சொல்வார்கள்) 1945 டிசம்பரில் பிரான்ஸ் தன் ஆப்பிரிக்கக் காலனிகளுக்காக உருவாக்கிய பணம். காலனிகள் 1960 வாக்கில் விடுதலை பெற்றபோதும் பெரும்பாலானவை அந்தப் பணத்தையே வைத்துக்கொண்டன. 1994க்குப் பிறகு 100 சேஃபா ஒரு பிரெஞ்சு பிராங்குக்குச் சமம். யூரோ வந்தபோது ஒரு யூரோவுக்கு 6.55957 பிரெஞ்சு பிராங்க் என்று முடிவானது. அதை நூறால் பெருக்கியதுதான் 655.957.

இது பிரான்ஸ்காரன் பணமா? நோட்டு அச்சாவது பிரான்ஸில்தான். ஆனால் அதை வெளியிடுவது செனகலின் டாக்கர் நகரில் இருக்கும் மேற்கு ஆப்பிரிக்க மத்திய வங்கி. எட்டு நாடுகளுக்கு ஒரே வங்கி. கோகோ, முந்திரி விற்று வரும் அந்நியச் செலாவணியெல்லாம் ஒரே பொதுக் கையிருப்பில் சேரும். அது வற்றிப்போனால் பிரெஞ்சு அரசின் கருவூலம் யூரோ கொடுத்துத் தாங்கும். பிரான்ஸ் தரும் உத்தரவாதம் என்பது இவ்வளவுதான். இதற்கு ஈடாக, அந்தக் கையிருப்பில் பாதியைப் பிரெஞ்சுக் கருவூலத்தில் போட்டு வைக்க வேண்டும், வங்கியின் நிர்வாகக் குழுவில் பிரான்ஸின் ஆட்களும் உட்காருவார்கள் என்று நீண்ட காலம் விதி இருந்தது. ஆப்பிரிக்க இளைஞர்களின் கோபம் முக்கியமாக இந்த இரண்டின் மேல்தான். நியாயமான கோபம் என்றே நான் நினைக்கிறேன். 2019 டிசம்பர் 21 அன்று அபிஜானில் பிரெஞ்சு அதிபர் மக்ரோனும் ஐவரி கோஸ்ட் அதிபர் உவத்தாராவும் சேர்ந்து நின்று இரண்டையும் நீக்குவதாக அறிவித்தார்கள், நீக்கியும் விட்டார்கள். பெயரையும் 'எக்கோ' என்று மாற்றப்போவதாகச் சொன்னார்கள். அது மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. உத்தரவாதமும் 655.957ம் அப்படியே இருக்கின்றன. உவத்தாரா ஒரு காலத்தில் அந்த டாக்கர் வங்கிக்கே கவர்னராக இருந்தவர். இதில் கை வைக்க அவர் அவசரப்பட மாட்டார்.

பிரான்ஸோடு சண்டை வந்தால் பணம் போய்விடுமா என்பதற்குப் பக்கத்து நாடுகளைப் பாருங்கள். மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் மூன்றும் 2022, 2023ல் பிரெஞ்சு ராணுவத்தை வெளியேற்றின. 2025 ஜனவரியில் மேற்கு ஆப்பிரிக்கக் கூட்டமைப்பை விட்டும் விலகின. ஆனால் மூன்றும் சேஃபாவை விடவில்லை. ஐவரி கோஸ்டோ பிரான்ஸோடு நெருக்கமான நாடு. அங்கேயே போர்ட்-புவே முகாமை 2025 பிப்ரவரியில் பிரெஞ்சுப் படை ஒப்படைத்துவிட்டது. சம்பளம் வாங்கும் யாருக்கும் அதனால் ஒன்றும் ஆகவில்லை.

சரி, பயப்படவே ஒன்றும் இல்லையா என்றால், இருக்கிறது. அது உங்கள் நண்பர்கள் சொல்லும் இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

1994ல் நடந்ததைப் பாருங்கள். அதுவரை 50 சேஃபாவுக்கு ஒரு பிரெஞ்சு பிராங்க். கோகோ, காபி விலை சரிந்து, அரசுகள் கடனில் தத்தளித்த நேரம். மதிப்பைக் குறைக்கக் கூடாது என்று பிடிவாதமாக நின்ற ஐவரி கோஸ்டின் முதல் அதிபர் உஃபுவே-புவானி 1993 டிசம்பர் 7 அன்று காலமானார். ஐந்து வாரம்தான். ஜனவரி 11 அன்று சேஃபா நாடுகளின் தலைவர்கள் டாக்கரில் கூடிப் பேசி, மறுநாளிலிருந்து 50 என்பது 100 என்று அறிவித்துவிட்டார்கள். அவர் உடல்கூட அப்போது அடக்கமாகவில்லை. இறக்குமதி அரிசியும் மருந்தும் வாங்கிக்கொண்டிருந்த மக்களுக்கு ஒரே இரவில் பணத்தின் மதிப்பு பாதியானது. உத்தரவாதம் கொடுத்த பிரான்ஸும் இதற்குச் சம்மதித்தது. ஒரு யூரோவுக்கு எத்தனை சேஃபா என்பதைக் கூடிப் பேசி மாற்ற முடியும். அந்த உத்தரவாதம் அதைத் தடுக்காது.

இரண்டாவது, 2011. ஐவரி கோஸ்டில் தேர்தலில் தோற்ற பிறகும் அதிபர் பாக்போ நாற்காலியை விடவில்லை. டாக்கர் வங்கி அவருக்குப் பணத்தை நிறுத்தியது. பிப்ரவரியில் பெரிய வங்கிகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கின. ஏப்ரல் கடைசி வரை ஜனங்கள் தங்கள் சொந்தப் பணத்தை எடுக்க முடியாமல் தவித்தார்கள். 655.957 மட்டும் அசையவில்லை. கணக்கில் பணம் பத்திரமாக இருந்தது, கைக்குத்தான் வரவில்லை. எனக்கு 1994ஐ விட இதுதான் பெரிய பயம்.

அப்புறம் டாலர். முந்திரி வியாபாரம் டாலரில் நடப்பதால் உங்களுக்கு அந்த எண்ணம் வந்திருக்கும். சேஃபா யூரோவின் வாலைப் பிடித்துக்கொண்டு போகும் பணம். 2014 மே மாதம் யூரோ 1.39 டாலர் வரை போனது. அன்று உங்கள் 10 லட்சம் 2,100 டாலருக்கு மேல். 2022 ஜூலையில் யூரோவும் டாலரும் சமமாக வந்து நின்றன. அன்று அதே சம்பளம் 1,520 டாலர் சொச்சம். ஆனால் அபிஜானில் வீட்டு வாடகையும் அரிசியும் சேஃபாவில்தான். முழுச் சம்பளத்தையும் டாலரில் வாங்கினால், யூரோ ஏறும் வருடத்தில் அங்கே கை கடிக்கும். அதனால் முழுவதும் டாலர் வேண்டாம்.

என் யோசனை இது. அங்கே சாப்பிட, வாடகை கட்ட எவ்வளவு வேண்டுமோ அதை மட்டும் சேஃபாவில் கேளுங்கள். மிச்சத்தை ஊரில் உங்கள் கணக்கிலேயே ரூபாயாகப் போடச் சொல்லுங்கள். தூத்துக்குடிக் கம்பெனிக்கு அது பெரிய காரியமில்லை. முடியாது என்றால், ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரி: 'சம்பளத்தின் யூரோ மதிப்பு, ஒரு யூரோவுக்கு 655.957 என்ற விகிதம் மாறினாலும் குறையாது.' 1994ல் இதே போன்ற ஒரு வரி (அப்போது யூரோ இல்லை, பிரெஞ்சு பிராங்கில்) இருந்தவர் தப்பித்திருப்பார், இல்லாதவர் பாதிச் சம்பளத்துக்கு வேலை பார்த்திருப்பார்.

மீதமாகும் பணத்தை அங்கே சேர்த்து வைக்காமல் மாதாமாதம் அனுப்பிவிடுங்கள். அபிஜானிலிருந்து டாக்கருக்கு அனுப்புவது சுலபம். எட்டு நாடுகளுக்கு வெளியே என்றால் வங்கி காகிதம் கேட்கும்: பாஸ்போர்ட், ஒப்பந்தம், சம்பளச் சீட்டு. முதல் மாதச் சீட்டிலிருந்தே ஒரு ஃபைல் போடுங்கள். சேஃபாவிலிருந்து நேராக ரூபாய்க்குப் போக வழி அரிது. நடுவில் யூரோ வரும், இரண்டு முறை கமிஷன் போகும். நோட்டாகக் கொண்டுவந்து இங்கே மாற்றலாம் என்று நினைக்காதீர்கள்.

ஒப்பந்தத்தில் வெறுமனே 'சிஎஃப்ஏ பிராங்க்' என்று இருந்தால் 'எக்ஸ்ஓஎஃப்' என்ற குறியீட்டையும் சேர்க்கச் சொல்லுங்கள். கேமரூன், காபோன் பக்கம் ஓடும் மத்திய ஆப்பிரிக்க சேஃபாவின் குறியீடு 'எக்ஸ்ஏஎஃப்'. யூரோவுக்கு இரண்டும் ஒரே விகிதம்தான், ஆனால் அந்த நோட்டை அபிஜான் கடையில் வாங்க மாட்டார்கள்.

உங்கள் கைக்கு வரும் நோட்டில் வரிசை எண்ணோடு ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். 'ஏ' என்றால் ஐவரி கோஸ்ட், 'பி' என்றால் பெனின், 'கே' என்றால் செனகல். எந்த எழுத்தானாலும் எட்டு நாட்டிலும் செல்லும். காலையில் டாக்ஸிக்காரரிடம் 10,000 நோட்டை நீட்டினால் மட்டும் செல்லாது, அவரிடம் சில்லறை இருக்காது.