ஹெட்ஃபோனைக் கழற்று

கேள்வி: எனக்கு வயது 24. காஞ்சிபுரத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உள்ள கொரியக் கம்பெனி ஒன்றில் மொழிபெயர்ப்பாளராகச் சேர வேண்டும் என்று ஆசை. வகுப்புக்குப் போக வசதியில்லை. அதனால் இரண்டு வருடமாக தினமும் ராத்திரி இங்கிலீஷ் சப்டைட்டில் போட்டு கொரியத் தொடர்கள் பார்க்கிறேன். நாற்பது தொடராவது முடித்திருப்பேன். ஹாலில் பாட்டியும் இருப்பார். நிமிடத்துக்கு ஒரு தடவை "என்னடி சொல்றான்?" என்று கேட்டுத் தொந்தரவு செய்ததால், டிவியோடு புளூடூத் ஹெட்ஃபோன் இணைத்துக்கொண்டேன். போன மாதம் ஒரு இன்டர்வியூ. கொரிய அதிகாரி ஒருவர், சாப்பிட்டாயிற்றா என்று அவர் மொழியில் கேட்டார். புரிந்தது. "உங்" என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. அதற்குப் பிறகு அவர் கேட்டது ஒன்றும் பிடிபடவில்லை. தொடர் பார்த்தே மொழி கற்றவர்கள் எத்தனையோ பேர் என்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன் வரவில்லை? மொழித் திறமையே இல்லையோ?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, காஞ்சிபுரம்

பதில்: திறமை இருக்கிறதா, இல்லையா என்பதை அப்புறம் பார்க்கலாம். இந்தக் கேள்வியோடு மாதம் இரண்டு கடிதமாவது எனக்கு வருகிறது. கொரிய மொழி, ஜப்பான் மொழி, ஜெர்மன் என்று மொழிதான் மாறும். உன் கடிதத்தில் என்னை நிறுத்தியது இன்டர்வியூ இல்லை. அந்த ஹெட்ஃபோன்.

டிவியில் புளூடூத் ஹெட்ஃபோன் இணைத்தால் சத்தம் உன் காதுக்கு மட்டும் போகும். ஹாலில் படம் மட்டும் ஓடும். அப்படியென்றால் உன் பாட்டி இத்தனை நாளாக ஊமைப்படம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எழுந்து போய்ப் படுத்தார் என்று நீ எழுதவில்லை. சாயங்காலத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அவரோடு பேச யார் இருக்கிறார்கள் என்றும் எழுதவில்லை. பேத்தி பக்கத்தில் இருக்கும் நேரம் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அதற்காகத்தான் கேட்டுக் கேட்டுப் பார்த்திருக்கிறார். நீ காதை அடைத்துக்கொண்டாய். இதைத் தொந்தரவு என்று எழுத உனக்குக் கை வந்திருக்கிறதே!

இன்னொன்று. உண்மையைச் சொல். பாட்டி கேட்டபோது வந்த எரிச்சலில் பாதி, பதில் தெரியாததால் வந்ததுதானே? அவன் என்ன சொன்னான் என்று உனக்குத் தெரியாது. கீழே இங்கிலீஷில் என்ன ஓடியது என்று தெரியும். இரண்டு வருடமாக நீ கற்றது வேகமாக இங்கிலீஷ் படிக்க. படிக்காத அந்தக் கிழவி இரண்டு வருடமாக உனக்குப் பரீட்சை வைத்திருக்கிறார், நீ பதில் சொல்லாமல் ஓடியிருக்கிறாய்.

அந்த "உங்" எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் ஊர் "ம்" மாதிரிதான் அது. தோழியிடம் சொல்லலாம், தம்பியிடம் சொல்லலாம். பெரியவர் கேட்டால் "நே" என்றுதான் சொல்ல வேண்டும். தொடர்களில் காதலர்களும் சிநேகிதர்களும் பேசுவதையே நீ அதிகம் கேட்டிருப்பாய், அதுவே வாயில் வந்துவிட்டது. அந்த மொழியில் மரியாதை என்பது ஒரு "ங்க" சேர்ப்பதோடு முடிவதில்லை. சோற்றுக்கு "பாப்" என்று பெயர். அதையே பாட்டி சாப்பிட்டால் "ஜின்ஜி". சாப்பிடுவதற்கும் தூங்குவதற்கும்கூட, பெரியவர்கள் செய்தால் வினைச்சொல்லே வேறு. ஒரு பையனும் பெண்ணும் மரியாதைப் பேச்சிலிருந்து இறங்கி நீ, வா, போ என்று பேச ஆரம்பிக்கும் இடத்தில்தான் பல தொடர்களில் கதையே திரும்பும். இங்கிலீஷ் சப்டைட்டிலில் அது பெரும்பாலும் காணாமல் போய்விடும். முன்னாலும் "யூ", பின்னாலும் "யூ".

பாட்டியிடம் தமிழில் சொல்லப் போயிருந்தால் நீ தப்பித்திருக்க முடியாது. "நீங்க" என்றானா, "நீ" என்றானா என்று முடிவு செய்யாமல் வாயைத் திறக்க வழியில்லை. உறவுமுறையும் அப்படித்தான். அம்மாவின் சகோதரி "இமோ", அப்பாவின் சகோதரி "கோமோ". இங்கிலீஷில் இருவருக்கும் ஒரே சொல். உன் பாட்டி விடுவாரா? "சித்தியா, அத்தையாடி?" என்று முதலில் அதைத்தான் கேட்பார். அக்காவைப் பெண் கூப்பிட்டால் "ஒன்னி", ஆண் கூப்பிட்டால் "நூனா" என்று நீ சொன்னால், அது எதுக்குடி ரெண்டு என்பார். அதற்குப் பதில் சொன்ன பிறகு அது உனக்கு மறக்காது. வாக்கிய அமைப்பும் நம்மைப் போலத்தான்: வினை கடைசியில், உருபு பெயரோடு ஒட்டிக்கொண்டு. காதில் விழுகிற வரிசையிலேயே தமிழில் சொல்லிக்கொண்டு போகலாம்.

(அங்கேயும் அம்மா "ஒம்மா", அப்பா "அப்பா" என்று துள்ளிக்கொண்டு எழுதுகிறவர்கள் உண்டு. அந்த ஒப்புமையால் யாருக்கும் வேலை கிடைத்ததாக எனக்குத் தகவல் இல்லை.)

1987-ல் தூர்தர்ஷனில் ஞாயிறு காலை இந்தியில் ராமாயணம் வரும். எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் டிவி. அந்த வீட்டு மாமி இந்தி பிரச்சார சபாவில் மத்யமா வரை எழுதித் தேறியவர். எழுதித் தேறினாரே தவிர பேச வராது. கூடத்தில் முப்பது பேர் உட்கார்ந்து "என்ன சொல்றா, என்ன சொல்றா" என்று அரிப்போம். முதலில் திணறுவார், "ஏதோ வருத்தப்படறா" என்று சமாளிப்பார். திங்கட்கிழமை அகராதியோடு உட்காருவார். அடுத்த வருடம் மகாபாரதம் வந்தபோது, திரையில் வசனம் முடிவதற்குள் மாமி தமிழில் சொல்லி முடித்துவிடுவார். கேட்டுக்கொண்டிருந்த எங்களில் ஒருவருக்கும் இந்தி வரவில்லை. அவருக்கு வந்தது.

இன்று ராத்திரி இங்கிலீஷ் சப்டைட்டிலை அணைத்துவிடு. ஏற்கெனவே பார்த்த தொடரையே எடு, கதை தெரிந்திருக்கும். ஐந்து நிமிடக் காட்சி ஒன்று போதும். நிறுத்தி நிறுத்திப் பாட்டிக்குச் சொல். தெரியாத இடத்தில் "தெரியல பாட்டி, நாளைக்குச் சொல்றேன்" என்று சொல், குறித்து வை, தேடிப் பிடித்து மறுநாள் சொல். கதை அடித்துவிடாதே, கிழவிகள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கொரிய எழுத்து படிக்கத் தெரியுமா என்று நீ எழுதவில்லை. தெரியாது என்றே வைத்துக்கொள்கிறேன். அடிப்படை எழுத்துகள் 24-தான். 247 எழுத்தைக் கரைத்துக் குடித்தவளுக்கு ஒரு வாரம் அதிகம். படித்தால் கொரிய எழுத்திலேயே சப்டைட்டில் போட்டுக்கொள்ளலாம். கொரிய மொழித் திறனுக்கான டோபிக் தேர்வின் முதல் கட்டத்தில் காதால் கேட்பதற்கு 30 கேள்வி என்றால் படிப்பதற்கு 40. மொத்தம் 200 மதிப்பெண்ணில் 140 எடுத்தால் இரண்டாம் நிலை. மொழிபெயர்ப்பு வேலைக்கு அது பற்றாது, அடுத்த கட்டத் தேர்வுக்குப் போக வேண்டும், அதில் எழுதவும் சொல்வார்கள். கையில் சான்றிதழ் வரும்வரை ஆடிட்டர் ஆபீஸ் வேலையை விடாதே.

அடுத்த கடிதத்தில் இன்டர்வியூவைப் பற்றி எழுத வேண்டாம். அந்தத் தொடரில் வரும் மாமியார் நல்லவளா, கெட்டவளா என்று உன் பாட்டி என்ன சொன்னார் என்று எழுது.