மைலேஜ் குறைந்தால் சக்தியும் குறைந்ததாகுமா?

கேள்வி: என்னிடம் இருப்பது கார்புரேட்டர் வைத்த பழைய மோட்டார் சைக்கிள். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு மாறியதிலிருந்து மைலேஜ் குறைந்துவிட்டது. ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று முறுக்கினால் இன்ஜின் ஒரு கணம் திணறுகிறது. ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, குட்டையான குழாயில் திறந்தவகை ஃபில்டரைப் பொருத்தினால் இழந்த சக்தி திரும்பிவிடும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? பந்தயக் கார்களே ஆல்கஹாலில் ஓடும்போது எனக்கு மட்டும் ஏன் இந்தக் கதி?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு கணக்குகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஒரு லிட்டர் எத்தனாலில் அடங்கிய வெப்பம், அதே அளவு பெட்ரோலில் உள்ளதைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால், 20 சதவீதக் கலவையில் லிட்டருக்குச் சுமார் 7 சதவீத வெப்பம் குறைகிறது. மைலேஜ் குறைவதில் பெரும்பகுதி இதனால்தான். சக்தியோ இன்ஜின் ஒவ்வொரு முறையும் உள்ளிழுக்கும் காற்றைப் பொறுத்தது. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று தேவைப்படும் இடத்தில், ஒரு கிலோ எத்தனாலுக்கு 9 கிலோ காற்றே போதும். ஆகவே அதே காற்றுக்கு எத்தனாலைக் கூடுதலாக ஊற்றி எரிக்க முடியும். அப்படி எரித்தால் ஒரு கிலோ காற்றுக்குக் கிடைக்கும் வெப்பம் இரண்டிலும் கிட்டத்தட்ட சமமே.

எல்லாச் சிக்கலும் அந்தக் ‘கூடுதலாக ஊற்றி’ என்பதில்தான் இருக்கிறது. உங்கள் பெட்ரோலுக்குச் சரியான விகிதம், ஒரு கிலோவுக்குக் காற்று 13.5 கிலோ அளவில் வரும். ஆனால் எரிபொருளை அளந்துவிடும் கார்புரேட்டரின் ஜெட் துளை பழைய பெட்ரோலுக்கென்றே அளந்து துளைக்கப்பட்டது, மாறியது எரிபொருள் என்று அதற்குத் தெரியாது. புகையை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரும் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும் உள்ள வண்டி தானே சரிசெய்துகொள்ளும் இந்த வேறுபாட்டை உங்கள் வண்டியால் சரிசெய்ய முடியாததால், காற்றோடு சேரும் எரிபொருள் குறைந்து கலவை மெலிந்து, மெக்கானிக்குகள் சொல்லும் ‘லீன்’ நிலையில் ஓடுகிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: முனையிலுள்ள பீங்கான் வெளிர்ப்பழுப்பாக இல்லாமல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தால் திணறலுக்கு இதுவே காரணமாக இருக்கும். இந்த நிலையில் ஃபில்டர் பெட்டியையும் கழற்றினால் காற்று இன்னும் தாராளமாக நுழைந்து கலவை மேலும் மெலியும்.

குழாயைக் குட்டையாக்குவதும் நீங்கள் நினைக்கும் பலனைத் தராது. பிஸ்டன் இறங்கும்போது உண்டாகும் தாழ்வழுத்த அலை, குழாயின் திறந்த முனையில் பட்டு உயரழுத்த அலையாகத் திரும்பி வருகிறது. வால்வு மூடுவதற்குச் சற்று முன் அது வந்து சேர்ந்தால் கொஞ்சம் காற்றைக் கூடுதலாக உள்ளே தள்ளிவிடும். நிமிடத்துக்கு 6,000 சுற்றில் இந்தப் போய்வரும் பயணத்துக்குச் சுமார் 2.2 மில்லிவினாடிதான் கிடைக்கிறது என்று கொண்டால், ஒலியின் வேகத்தில் அலை கடப்பது முக்கால் மீட்டர், அதாவது குழாயின் நீளம் 38 சென்டிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். 3,000 சுற்றுக்கு இதைப்போல் இரு மடங்கு நீளம் வேண்டும். அவ்வளவு நீளத்துக்கு வண்டியில் இடம் ஏது? அதனால் இரண்டாவது, மூன்றாவது முறை திரும்பும் அலையைப் பயன்படுத்தி, ஃபில்டர் பெட்டியின் கொள்ளளவையும் சேர்த்துக் கணக்கிட்டே வடிவமைக்கிறார்கள். குட்டைக் குழாயால் லாபம் உச்சச் சுற்றில்தான். அன்றாடம் ஓட்டும் வேகத்தில் இழுவை குறைந்து, சத்தம் மட்டும் கூடும். அந்தச் சத்தத்தைச் சக்தியென்று நம்பி ஏமாந்தவர்கள் பலர்.

முதலில் ஜெட்டை ஓரளவு பெரிதாக்கி, ஆல்கஹாலைத் தாங்கும் ரப்பர்க் குழாய்களையும் சீல்களையும் போடச் சொல்லுங்கள். ஃபில்டர் பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

பந்தயக் கார்களின் கதை வேறு. தானே பற்றிக்கொள்ளாமல் தாங்கும் திறனைக் காட்டும் ஆக்டேன் எண் எத்தனாலுக்கு 108 அளவில் இருப்பதால், கலவை தானாகவே பற்றி வெடிக்கும் நாக்கிங் எளிதில் தலைகாட்டாது. அதை நம்பி, கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற கம்ப்ரெஷன் விகிதத்தை உயர்த்தி, பொறி பாயும் நேரமான இக்னிஷன் டைமிங்கையும் முன்தள்ளி வைத்த இன்ஜின்கள் அவை. அந்த மாற்றங்கள் இல்லாத இன்ஜினில் உயர்ந்த ஆக்டேன் வெறுமனே கிடக்கும்.

கேள்வி: சிலிண்டருக்குள்ளேயே நேரடியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும் கார்களுக்கு எத்தனால் கூடுதல் நன்மை தரும் என்பது உண்மையா?

பதில்: உண்மைதான். ஊசி போடுமுன் தோலில் தடவும் ஸ்பிரிட் சில்லென்று இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆவியாகும்போது எத்தனால் உறிஞ்சும் வெப்பம் பெட்ரோல் உறிஞ்சுவதைப்போல் இரண்டரை மடங்கு. காற்று உள்ளே வரும் இன்டேக் குழாயில் பீய்ச்சினால் அது பெரும்பாலும் குழாயின் சூடான சுவரிலும் வால்வின் முதுகிலும் படிந்து, அந்த உலோகத்தின் வெப்பத்தையே எடுத்து ஆவியாகிறது. நேரடியாக உள்ளே பீய்ச்சினால் சிலிண்டரில் உள்ள காற்றே குளிர்கிறது. நாக்கிங் இன்னும் தள்ளிப்போகிறது. இதற்கு, உள்ளே வரும் காற்று செங்குத்தாக உருண்டு சுழலும்படி இன்டேக் துவாரம் அமைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மெல்ல ஆவியாகும் எத்தனால் பிஸ்டன் தலையிலும் சிலிண்டர் சுவரிலும் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் ஆவதில் வரும் தொல்லைக்கும் இந்தக் குளிர்ச்சியும் ஒரு காரணம்.