மத்திய அரசு ஓய்வூதிய மாற்றத்தால் எந்தத் தலைமுறை ஊழியருக்கு என்ன வித்தியாசம்?

எல்லாம் 1.1.2004 என்ற ஒரு தேதியில் இருக்கிறது. அதற்கு முன் பணியில் சேர்ந்தவருக்குப் பழைய திட்டம். கடைசி அடிப்படைச் சம்பளம் 80,000 என்றால் ஓய்வூதியம் 40,000, அதன் மேல் விலைவாசிக்கேற்ற அகவிலை நிவாரணமும் ஏறிக்கொண்டே போகும். இதற்கென்று சம்பளத்தில் பிடித்தம் கிடையாது.

அந்தத் தேதி முதல் வந்தவருக்கு என்.பி.எஸ். என்ற தேசிய ஓய்வூதியத் திட்டம். சம்பளத்தில் மாதாமாதம் 10% பிடிப்பார்கள். அரசு இப்போது 14% போடுகிறது. 60 வயதில் சேர்ந்த தொகையில் குறைந்தது 40 சதவீதத்துக்கு ஆன்யுட்டி, அதாவது மாதாமாதம் ஓய்வூதியம் தரும் காப்பீட்டுத் திட்டம், வாங்க வேண்டும். ஒரு கோடி சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 லட்சத்துக்கு 6% வட்டி கணக்குப் போட்டால் மாதம் 20,000. அகவிலை நிவாரணம் கிடையாது, பத்து வருடம் கழித்தும் அதே 20,000தான். மீதி 60 லட்சம் கையில் இருக்குமே என்பீர்கள். சரிதான், பெண் கல்யாணம், வீட்டுக் கடன் போக எவ்வளவு மிஞ்சும்?

22.12.2003க்கு முன் விளம்பரமான பணியிடங்களில் தாமதமாகச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் 2023இல் பழைய திட்டத்துக்கு மாற ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள்.

1.4.2025 முதல் யு.பி.எஸ். (ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம்) என்ற விருப்பத் திட்டமும் உண்டு. 25 வருட சர்வீஸ் இருந்தால் கடைசி 12 மாத அடிப்படைச் சம்பள சராசரியில் பாதி, கூடவே அகவிலை நிவாரணம். ஆனால் 10% பிடித்தம் தொடரும், சேர்ந்த நிதியில் கை வைத்தால் ஓய்வூதியம் குறையும். என் கணிப்பில், இளம் வயதிலேயே சேர்ந்தவருக்குத்தான் இது லாபம். 40 வயதில் வேலைக்கு வந்தவருக்கு 25 வருடம் எங்கே நிரம்பும்?