பிறவியிலேயே கருவிழியில் வரும் குறைகள்: பெற்றோர் கேட்டவையும் என் பதில்களும்

புதுச்சேரியில் குழந்தைகளின் கண் நோய்களுக்கு நெடுங்காலமாகச் சிகிச்சை அளித்து வருபவள் என்ற முறையில், இந்தப் பகுதியிலிருந்தும் கடலூர்ப் பக்கத்திலிருந்தும் பெற்றோர் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கருவிழி என்று நாம் சொன்னாலும் அந்தப் படலத்துக்கு நிறமே கிடையாது. அது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள, கடிகாரக் கண்ணாடியைப் போன்ற தெளிவான படலம். நமக்குத் தெரியும் கறுப்பும் பழுப்பும் அதற்குப் பின்னால் இருக்கும் ஐரிஸ் என்னும் திரையின் நிறம். ஆகவே கருவிழியில் வெண்மையோ நீலச் சாம்பல் நிறமோ தெரிந்தால், அந்தக் கண்ணாடி மங்கியிருக்கிறது என்று பொருள்.

கேள்வி (நெல்லிக்குப்பம், ஒரு தாய்): டாக்டர் அம்மா, என் மகனுக்கு மூன்று மாதம் ஆகிறது. பிறந்ததிலிருந்தே கண்கள் பெரிதாக இருப்பதால் பார்ப்பவர்கள் எல்லோரும் அழகு என்று சொல்லித் திருஷ்டி கழிக்கச் சொன்னார்கள். இரண்டு வாரமாகக் கண்ணில் நீர் வடிகிறது. வாசலுக்குத் தூக்கிப் போனால் கண்ணை இறுக மூடிக்கொண்டு என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறான். இது நீர்ப்பை அடைப்பாக இருக்கும், ஒரு வயதில் தானே சரியாகும் என்கிறார்கள். காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம் அம்மா. இந்த வாரத்துக்குள்ளேயே குழந்தையைக் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். மூக்குக்கு அருகில் உள்ள கண்ணீர்க் குழாய் அடைபட்டிருந்தால் நீர் வடியும், பீளை கட்டும். ஆனால் குழந்தைக்கு வெளிச்சம் கூசாது, கருவிழி தெளிவாகவும் இயல்பான அளவிலும் இருக்கும். நீர் வடிதல், வெளிச்சக் கூச்சம், இமையை இறுக மூடுதல் ஆகிய மூன்றும் பெரிய கண்ணோடு சேர்ந்து வந்தால், பிறவிக் குளுக்கோமா, அதாவது கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடும் நோய், இல்லை என்று உறுதி செய்யும் வரை அதுதான் என்று வைத்துக்கொண்டே நாங்கள் பரிசோதிப்போம்.

பிறந்த குழந்தையின் கருவிழி குறுக்கே சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும். அது 12 மில்லிமீட்டரை எட்டியிருந்தால் இரண்டு காரணங்களை நினைக்க வேண்டும். ஒன்று, கருவிழி இயல்பிலேயே பெரிதாக அமைந்திருப்பது. இது பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்குத் தாய்வழியாக வருவது; இதில் கருவிழி பளிங்கு போலத் தெளிவாக இருக்கும், அழுத்தமும் சரியாக இருக்கும். மற்றொன்று குளுக்கோமா. ஏறத்தாழ மூன்று வயது வரை கண்ணின் சுவர் இளகியே இருப்பதால், உள்ளே அழுத்தம் கூடும்போது கண் முழுவதும் பலூனைப் போல விரிகிறது. கருவிழியின் உட்படலம் அந்த இழுப்பைத் தாங்காமல் கோடு கோடாகக் கிழிந்து, நீர் ஊறி மங்குகிறது. வெளிச்சம் கூசுவதும் நீர் வடிவதும் அதனால்தான். ஆந்திரப் பிரதேசத்தில் செய்த கணக்கெடுப்பில் 3,300 பிறப்புகளில் ஒன்று என்ற அளவில் இந்நோய் காணப்பட்டது. மேலை நாடுகளில் இது அதைவிட மிகவும் அரிது. நம் பக்கம் சொந்தத்தில் திருமணம் செய்வது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

இந்நோய்க்கு முதன்மைச் சிகிச்சை அறுவைதான். சொட்டு மருந்து அறுவை வரை அழுத்தத்தைத் தணித்து வைக்க மட்டுமே உதவும். குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்துக் கண் அழுத்தத்தையும் கருவிழியின் அகலத்தையும் பார்வை நரம்பையும் பரிசோதித்து, நோய் உறுதியானால் பெரும்பாலும் அதே மயக்கத்திலேயே, கண்ணீர் அல்லாத அந்த உட்புற நீர் வெளியேறுவதற்கான வழியைத் திறந்துவிடுவோம். பார்வை நரம்பில் ஒருமுறை அழிந்தது திரும்பாது என்பதால்தான் நாள் கணக்கில் அவசரப்படுகிறேன். பெரிய கண் அழகு என்று ஊர் சொன்னதை நம்பியது உங்கள் தவறு இல்லை. நம் ஊரில் அதைப் பாராட்டாதவர் யார்?

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர், ஒரு தந்தை): எங்கள் மகளுக்கு ஐந்து வாரம். பிறந்தபோதே இடது கருவிழியின் நடுவில் வட்டமாக வெண்மை இருந்தது. கண்ணில் பூ விழுந்திருக்கிறது, ஐந்து வயதில் அறுவை செய்துகொள்ளலாம் என்று ஓரிடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பீட்டர்ஸ் குறைபாடு என்று சீட்டில் எழுதியிருக்கிறார்கள். அப்படியென்றால் என்ன?

பதில்: ஐந்து வயது வரை காத்திருப்பது என்ற ஆலோசனையை நான் ஏற்கவில்லை, தம்பி. ஏன் என்பதைச் சொல்வதற்கு முன் நோயைச் சொல்லிவிடுகிறேன்.

கரு வளரத் தொடங்கிய இரண்டாம் மாதத்தில், நரம்பு மண்டலம் உருவாகும் இடத்தின் விளிம்பிலிருந்து ஒரு வகைச் செல்கள் புறப்பட்டுக் கண்ணின் முன்பக்கத்துக்கு வந்து சேர்கின்றன. கருவிழியின் உட்படலம், அதன் நடுப் படலம், ஐரிஸ் திரை, கண் நீர் வெளியேறும் மூலை ஆகிய அனைத்தும் பெரும்பாலும் அவற்றிலிருந்தே உருவாகின்றன. அந்த வருகையில் எங்கேனும் பிசகு நேர்ந்தால், கருவிழியின் நடுப்பகுதியில் உட்படலம் அமையாமல் போகிறது. ஐரிஸின் இழைகளோ, சில சமயம் லென்ஸோ அந்த இடத்தில் ஒட்டிக்கொள்கின்றன. 1906-இல் பீட்டர்ஸ் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் இதை விவரித்ததால் அவர் பெயரிலேயே வழங்குகிறோம். ஒரே செல்களிலிருந்து வரும் உறுப்புகள் என்பதால்தான் கருவிழி மங்கிய குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இந்நோயில் குளுக்கோமாவும் சேர்ந்து வருகிறது. உங்கள் மகளின் சீட்டில் கண் அழுத்தம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். உதடு பிளவு, வளர்ச்சிக் குறைவு, இதயக் கோளாறு ஆகியவை சிலருக்கு உடன் வருவதால் குழந்தை நல மருத்துவரும் ஒருமுறை முழுமையாகப் பார்ப்பது நல்லது.

இனி அவசரத்துக்கு வருகிறேன். பார்ப்பது கண் மட்டுமல்ல, மூளையும்தான். பிறந்த முதல் சில மாதங்களில் கண்ணிலிருந்து தெளிவான உருவம் வந்தால்தான் மூளையின் பார்வைப் பகுதி அந்தக் கண்ணைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்கிறது. ஒரு கண் தெளிவாகவும் மற்றது மங்கலாகவும் இருந்தால் மூளை மங்கிய கண்ணை ஒதுக்கிவிடும். அதைச் சோம்பேறிக் கண் என்று வழக்கில் சொல்கிறார்கள். ஐந்து வயதில் எவ்வளவு தெளிவான கருவிழியைப் பொருத்தினாலும் ஒதுக்கப்பட்ட கண் பார்க்கப் பழகாது.

அதே சமயம் இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கைக்குழந்தைக்குக் கருவிழி மாற்று அறுவை செய்வது பெரியவர்களுக்குச் செய்வதைப் போன்றதல்ல. திசு மென்மையானது, உடலின் எதிர்ப்பு வேகமானது, மாற்றிய கருவிழி மீண்டும் மங்கிவிடும் வாய்ப்பு கணிசமானது. லென்ஸ் ஒட்டியிருந்தாலோ குளுக்கோமா இருந்தாலோ அந்த வாய்ப்பு மேலும் கூடும். அதனால் மங்கல் சிறியதாக இருந்து ஓரத்தில் தெளிவான பகுதி இருந்தால், ஐரிஸின் நடுவில் உள்ள துவாரமான கண்மணியைச் சொட்டு மருந்தால் விரித்தோ, ஐரிஸில் ஒரு சிறு பகுதியை நீக்கியோ, அந்தத் தெளிவான ஓரத்தின் வழியே ஒளி செல்ல வழி செய்வதையே நான் முதலில் விரும்புவேன். பிறகு கண்ணாடி அணிவித்து, நல்ல கண்ணைத் தினமும் குறிப்பிட்ட நேரம் மூடி வைத்துப் பழக்க வேண்டும். இந்த மூடும் பயிற்சி பல வருடம் நீடிக்கும்; குழந்தை அழும்; பிய்த்து எறியும். அறுவையைவிடக் கடினமான பகுதி இதுதான் என்பது என் அனுபவம்.

கேள்வி (பண்ருட்டி அருகே ஒரு கிராமம், தாய்): நான் என் தாய்மாமனைத் திருமணம் செய்தவள். மூத்த மகனுக்கும் இரண்டாவது மகளுக்கும் இரண்டு கண்ணும் பிறந்ததிலிருந்து நீலம் பாய்ந்த கண்ணாடி போல இருக்கின்றன. வெளிச்சத்துக்குக் கூச்சம் இல்லை, நீர் வடிவதும் இல்லை, கண்கள் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கின்றன. இனி ஒரு குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

பதில்: நீங்கள் விவரித்திருப்பது கருவிழியின் உட்புறச் செல்களில் பிறவியிலேயே வரும் சிதைவு நோயோடு மிகவும் பொருந்துகிறது. மருத்துவர்கள் இதைச் சி.எச்.இ.டி. என்று சுருக்கிச் சொல்வார்கள். கருவிழிக்குள் ஊறும் நீரை இடைவிடாமல் வெளியே இறைத்துக்கொண்டிருப்பது அந்த உட்புறச் செல்களின் வேலை. இறைப்பு நின்றால் கருவிழி நீர் கோத்து இருமடங்கு, அதற்கு மேலும்கூடத் தடித்து, தேய்த்த கண்ணாடியைப் போல ஆகிவிடும். கண் அழுத்தத்தைக் கண்டிப்பாக அளக்க வேண்டும். ஆனால் தடித்த கருவிழியில் கருவி அழுத்தத்தைத் தவறாகக் காட்டக்கூடும் என்பதால், அதை மட்டும் வைத்துக் குளுக்கோமா என்று முடிவு செய்துவிடக் கூடாது.

இதற்குக் காரணமான எஸ்எல்சி4ஏ11 என்ற மரபணு 2006-இல் அடையாளம் காணப்பட்டது. அதில் பழுதான படி ஒன்று உங்களிடமும் ஒன்று உங்கள் கணவரிடமும் இருக்கிறது; ஒரே குடும்பத்தில் பிறந்தவர்கள் என்பதால் ஒரே பழுது இருவருக்கும் வந்திருக்கிறது. உங்கள் இருவருக்கும் நோய் இல்லை. இரண்டு படிகளும் பழுதாகப் பெறும் குழந்தைக்குத்தான் நோய் வரும். ஒவ்வொரு கருவுக்கும் அந்த வாய்ப்பு நான்கில் ஒன்று. இரண்டு குழந்தைகளுக்கு வந்துவிட்டதால் மூன்றாவது தப்பித்துவிடும் என்ற கணக்கு இதில் இல்லை. ஒவ்வொரு முறையும் அதே நான்கில் ஒன்றுதான். குழந்தைகளுக்கு மரபணுப் பரிசோதனை செய்து பழுதைக் கண்டுகொண்டால், அடுத்த கருவைத் தொடக்கத்திலேயே சோதித்துப் பார்க்க முடியும். பெற்றுக்கொள்வதா என்ற முடிவு உங்கள் இருவருடையது. மாமியாருடையதோ ஊருடையதோ அல்ல.

இந்நோயில் அறுவையின் பலன் பீட்டர்ஸ் குறைபாட்டைவிட நல்லது. கருவிழி முழுவதையும் மாற்றாமல் உட்படலத்தை மட்டும் மாற்றும் முறையும் இன்று இருக்கிறது. இரு குழந்தைகளுக்கும் காது கேட்கும் திறனையும் பரிசோதித்து, ஆண்டுதோறும் மறுபடி பாருங்கள். இதே மரபணுப் பழுது உள்ள சிலருக்கு வளர வளரச் செவித்திறன் குறைவதுண்டு.

கேள்வி (பாகூர், ஒரு கர்ப்பிணியின் நாத்தனார்): என் அண்ணியின் முதல் குழந்தைக்குக் கண்மணி சாவித் துவாரம் போலக் கீழே நீண்டிருக்கிறது. கிரகணத்தன்று அவர் வெளியே வந்ததால்தான் என்று வீட்டில் இன்றும் குத்திக் காட்டுகிறார்கள். உண்மையா?

பதில்: உண்மை இல்லை. கண் உருவாகும்போது அதன் அடிப்பக்கத்தில் ஒரு பிளவு இருக்கும். ஏழாவது வாரத்துக்குள் அது மூடிக்கொள்ள வேண்டும். மூடாமல் விட்ட இடமே இந்தச் சாவித் துவாரம். அதனால்தான் அது எப்போதும் கீழே, சற்று மூக்குப் பக்கமாக இருக்கிறது. பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பது தெளிவாகும் நாட்களிலேயே இது நடந்து முடிந்துவிடுகிறது. அண்ணியைக் குத்திக் காட்டுவதை நிறுத்திவிட்டு, அந்தப் பிளவு விழித்திரை வரை நீண்டிருக்கிறதா என்று குழந்தையைப் பரிசோதிக்க அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி (முத்தியால்பேட்டை, தாய்): மகளுக்கு ஐரிஸே இல்லை என்கிறார்கள். கண்ணுக்கு வந்த நோய்க்கு வயிற்றை ஸ்கேன் செய்யச் சொல்வது ஏன்?

பதில்: அந்த மருத்துவர் மிகச் சரியாகச் சொல்லியிருக்கிறார். ஐரிஸ் இல்லாமை பாக்ஸ்6 என்ற மரபணுவின் பழுதால் வருவது. பதினோராவது குரோமோசோமில் அதற்குப் பக்கத்திலேயே, சிறுநீரகத்தில் கட்டி வராமல் காக்கும் இன்னொரு மரபணு இருக்கிறது. குரோமோசோமில் ஒரு துண்டே விடுபட்டிருந்தால் இரண்டும் சேர்ந்து போய்விடும். அப்போது வில்ம்ஸ் என்னும் சிறுநீரகப் புற்றுக்கட்டி வரும் ஆபத்து உண்டு. குடும்பத்தில் வேறு யாருக்கும் இந்தக் கண் இல்லையென்றால், மரபணுப் பரிசோதனை ஆபத்து இல்லை என்று காட்டும் வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேனைத் தவறவிடாதீர்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் அந்தக் கட்டியைக் குணப்படுத்த முடியும். கண்ணுக்கு நிறக் கண்ணாடியும் தொப்பியும் உதவும். கருவிழியும் கண் அழுத்தமும் பிற்காலத்தில் கெடக்கூடும் என்பதால் கண் பரிசோதனை ஆயுள் முழுவதும் தொடர வேண்டும்.

கேள்வி (மஞ்சக்குப்பம், ஒரு தந்தை): மகனின் கருவிழி ஓரத்தில் பட்டாணி போல வெள்ளைக் கட்டி, அதில் ஒரு முடியும் முளைத்திருக்கிறது. காதின் முன்னாலும் ஒரு சிறு தோல் தொங்கல். பயமாக இருக்கிறது.

பதில்: தோலாக வேண்டிய திசு இடம் மாறி அமைந்த டெர்மாய்டு கட்டியாக இருக்கலாம், இது புற்றுநோய் அல்ல. ஆனால் கருவிழியை ஒரு பக்கமாக இழுத்து, உருவத்தை மங்கலாக்கும் சிலிண்டர் பவர் உண்டாக்கும் என்பதால் கண்ணாடிச் சோதனை தள்ளிப்போகக் கூடாது. காதுத் தொங்கலும் சேர்ந்திருப்பதால் செவித்திறன், முதுகெலும்பு, சிறுநீரகம், இதயம் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி (புதுச்சேரி, திருமணம் நிச்சயமான பெண்): கர்ப்ப காலத்தில் ருபெல்லா வந்தால் குழந்தையின் கண் கெடும் என்கிறார்களே, தடுக்க முடியுமா?

பதில்: முழுமையாகத் தடுக்கக்கூடிய ஒன்று இதுதான். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் தாய்க்கு வரும் ருபெல்லா குழந்தைக்குக் கண்புரை, சிறுத்த கண், மங்கிய கருவிழி, இதயக் கோளாறு, செவிட்டுத்தன்மை எல்லாவற்றையும் தரக்கூடும். ஆஸ்திரேலியாவில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர் 1941-இல் இந்தத் தொடர்பைக் கண்டறிந்தார். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் தட்டம்மை ருபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது உங்களுக்குப் போட்டிருந்தால் நல்லது. இல்லையென்றால் திருமணத்துக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். போட்ட பிறகு குறைந்தது ஒரு மாதம் கருத்தரிக்கக் கூடாது. கர்ப்பிணிகள் போட்டுக்கொள்ளக் கூடாது.

கேள்வி (கடலூர் முதுநகர், ஒரு பாட்டி): டாக்டர் அம்மா, பேரனுக்குக் கருவிழி மாற்ற வேண்டும் என்று நாள் குறித்திருக்கிறார்கள். எனக்கு அறுபத்தெட்டு வயது. நான் பார்த்தது போதும். என் ஒரு கண்ணை அவனுக்குக் கொடுக்க முடியுமா? வீட்டில் தாய்ப்பால் விட்டால் சரியாகும் என்றும் சொல்கிறார்கள்.

பதில்: உங்கள் கேள்வியைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எழுத முடியாமல் இருந்தேன், பாட்டி. உயிரோடு இருப்பவரிடமிருந்து கண்ணை எடுத்து மற்றொருவருக்கு வைப்பதில்லை. இறந்தவர்களின் குடும்பம் தானமாகக் கொடுத்த கருவிழிகளைத்தான் கண் வங்கி தருகிறது. இறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். கண்ணாடி போட்டவர்களும் புரை அறுவை செய்துகொண்டவர்களும்கூடக் கொடுக்கலாம். நீங்கள் விரும்பினால் வீட்டாரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

தாய்ப்பாலும் எண்ணெயும் கண்ணில் வேண்டவே வேண்டாம். பூ அதனால் கரையாது, கிருமிதான் சேரும். செலவைப் பற்றிக் கவலைப்பட்டால், தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையிலும் கோரிமேடு ஜிப்மரிலும் விசாரியுங்கள். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் அரசுக் குழந்தை நலக் குழுவிடம் சொன்னால் அவர்களும் பரிந்துரைப்பார்கள்.

நீங்கள் பேரனுக்குக் கொடுக்கக்கூடியது ஒன்று இருக்கிறது. அறுவைக்குப் பிறகு பல மாதம் மணிக்கணக்குப்படி சொட்டு மருந்து விட வேண்டும். வேலைக்குப் போகும் பெற்றோருக்கு அது எளிதல்ல. கைக்குழந்தைகளுக்குத் தையல் சில வாரங்களிலேயே தளர்ந்துவிடும். ஆகவே தினமும் காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் அவனைப் படுக்க வைத்துக் கண்ணைப் பாருங்கள். சிவப்பு, நீர் வடிதல், கண்ணைத் திறக்க மறுத்தல், நேற்றுவரை தெளிவாக இருந்த கருவிழியில் இன்று ஒரு மங்கல், இவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த சோதனைத் தேதி வரை பொறுக்காமல், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் அன்றே அவனைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.