பக்கத்து வீட்டுப் பெண்மணி தன்னை 'விட்ச்' என்று சொன்னால்: பர்ன்லிக்குப் புதிதாக வந்த தங்கைக்கு ஒரு பதில்

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலியிலிருந்து செவிலியர் பணிக்காக வட இங்கிலாந்தின் பர்ன்லிக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. பக்கத்து வீட்டில் தனியாக வாழும் வயதான பெண்மணி ஒருவர், வேலியோரம் பேசிக்கொண்டிருந்தபோது தான் ஒரு 'விட்ச்' என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் வீட்டு வாசல் நிலைக்கு மேல் ஒரு விளக்குமாறு தொங்குகிறது. ஆகஸ்டு முதல் தேதி காலையில் உங்கள் வாசற்படியில் ஒரு பீங்கான் தட்டும், அதில் ஒரு வட்ட ரொட்டியும், சிவப்பு நூல் சுற்றிய, சிவந்த பழங்கள் கொத்தாகத் தொங்கும் ஒரு குச்சியும் இருந்தன. நீங்கள் கையுறை போட்டுக்கொண்டு ரொட்டியையும் குச்சியையும் குப்பையில் எறிந்துவிட்டு, பிள்ளையை உட்காரவைத்து எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டீர்கள். கணவர் வேறு வீடு பார்க்கலாம் என்கிறார். மாற வேண்டுமா என்பது உங்கள் கேள்வி.

வேண்டாம். ஆனால் அந்த ஒரு சொல்லோடு நிறுத்தினால் உங்கள் பயம் அப்படியே இருக்கும் என்பதால் விரிவாக எழுதுகிறேன். நான் 2005-இல் இங்கே வந்தவள்; உங்களுக்கு நான்கு மைல் வடக்கே நெல்சனில் வசிக்கிறேன். வந்த முதல் குளிர்காலத்தில், இரவுப் பணியில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த ஒரு மூத்த சகபணியாளர், தான் விட்ச் என்று உங்கள் பக்கத்து வீட்டுக்காரரைப் போலவே சாதாரணமாகச் சொன்னார். என் மனம் அந்த நொடியிலேயே அதைச் 'சூனியக்காரி' என்று தமிழாக்கிக்கொண்டது. அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவர் போட்டுத் தந்த தேநீரை நான் குடிக்கவில்லை. கழுவு தொட்டியில் ஊற்றிவிட்டு வெறும் கோப்பையைத் திருப்பிக் கொடுப்பேன். அவர் அதைக் கவனித்திருந்தார் என்பதும், கவனித்தும் நாள்தோறும் எனக்கும் சேர்த்தே தேநீர் போட்டார் என்பதும் பல ஆண்டுகளுக்குப் பின்னர்தான் தெரிந்தது. கீழே எழுதியிருப்பவற்றில் பாதி அவர் சொல்லி அறிந்தது.

தவறு நம் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. நம் ஊரில் சூனியக்காரி என்று எவரும் தம்மைத் தாமே சொல்லிக்கொள்வதில்லை. அது எப்போதும் அடுத்தவர் மீது சுமத்தப்படும் பழி. மாடு கறவை வற்றினாலும், கட்டிக்கொடுத்த பெண் மூன்று மாதத்தில் திரும்பி வந்தாலும், 'யாரோ வைத்துவிட்டார்கள்' என்று ஆரம்பித்து, பெரும்பாலும் தனியாக வாழும் ஒரு விதவையின் வாசலில் போய் அந்தப் பேச்சு நிற்கும். இங்கே அதே பழிக்குப் பெயராக இருந்த சொல்லைத்தான் இன்று சிலர் தங்கள் சமயத்தின் பெயராக விரும்பி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அது எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ள, நீங்கள் வசிக்கும் இடத்தின் கதையே போதும்.

உங்கள் வீட்டிலிருந்து வடக்கே பார்த்தால் முதுகு வளைந்து படுத்திருக்கும் யானையைப் போலத் தெரிகிறதே, அதுதான் பெண்டில் மலை; 557 மீட்டர் உயரம். 1612 மார்ச் மாதம், அந்த மலையடிவாரத்து ஏழைக் குடும்பத்துப் பெண்ணான அலிசன் டிவைஸ், கோல்ன் அருகே எதிரில் வந்த ஒரு தலைச்சுமை வியாபாரியிடம் குண்டூசி கேட்டாள். அவர் மூட்டையை அவிழ்க்க மறுத்தார், அவள் கோபித்துக்கொண்டாள், சற்று நேரத்தில் அவர் சுருண்டு விழுந்தார். முகம் கோணி, பேச்சுக் குழறி, கால் மரத்துப்போய், ஒரு பக்கம் செயலிழந்துவிட்டது என்று அக்காலத்து நீதிமன்ற எழுத்தர் தாமஸ் பாட்ஸ் பதிவு செய்திருக்கிறார். செவிலியரான உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இன்று அவர் நம் வார்டுக்கு வந்திருந்தால் பக்கவாதம் என்று உடனே ஸ்கேனுக்கு அனுப்பியிருப்போம். அன்று அதற்குப் பெயர் சூனியம். அதைவிடத் துயரமானது, அந்தப் பெண்ணே தன் கோபம்தான் அவரை வீழ்த்தியது என்று நம்பி, அவரிடம் அழுது மன்னிப்புக் கேட்டதுதான்.

அங்கிருந்து அவள் வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் ஒருவர் பின் ஒருவராகச் சிக்கினார்கள். அவளுடைய பாட்டி டெம்டைக், எண்பது வயதை எட்டிய பார்வையற்ற கிழவி, விசாரணைக்கு முன்பே சிறையில் இறந்தார். எதிரிக்கு நோய் வரவைக்கக் களிமண்ணில் உருவம் செய்து, எந்த உறுப்பு நோக வேண்டுமோ அங்கே முள்ளால் குத்த வேண்டும் என்று அந்தக் கிழவி வாக்குமூலம் கொடுத்ததாகப் பதிவாகியிருக்கிறது. செய்வினைப் பொம்மை நமக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்த நான், அதைப் படித்தபோது சற்று நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். லங்காஸ்டர் கோட்டையில் நடந்த விசாரணையில் முக்கியச் சாட்சி, அலிசனின் தங்கை ஜெனட், ஏறக்குறைய ஒன்பது வயதுக் குழந்தை. அவளை ஒரு மேசைமீது ஏற்றி நிறுத்தி, சொந்தத் தாய்க்கும் அண்ணனுக்கும் எதிராகப் பேசவைத்தார்கள். 1612 ஆகஸ்டு 20 அன்று பத்துப் பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களில் இருவர் ஆண்கள். சூனியக்காரிகள் என்றாலே தீயில் எரித்தார்கள் என்று நாமெல்லாம் நினைத்திருக்கிறோம். இங்கிலாந்துச் சட்டத்தில் அந்தக் குற்றத்துக்குத் தண்டனை தூக்குதான்.

இருபத்திரண்டே ஆண்டுகளில், 1634-இல், இதே வட்டாரத்தில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் சொன்ன கதையால் மீண்டும் பலர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. வேலைக்குப் போகாமல் விளையாடியதற்கு வீட்டில் அடி விழுமே என்று பயந்து இட்டுக்கட்டிய கதை அது என்று பிறகு அவனே ஒப்புக்கொண்டான்.

இந்தக் கொடுமைக்கும் இன்று நீங்கள் கடைத்தெருவில் பார்க்கும் கோமாளி உருவத்துக்கும் பெரிய தொடர்பு கிடையாது. கூம்புத் தொப்பி, கறுப்பங்கி, வளைந்த மூக்கு, பூனை, பறக்கும் விளக்குமாறு எல்லாம் வெவ்வேறு காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டவை. விளக்குமாற்றில் பெண்கள் பறக்கும் ஓவியம் 1451-ஆம் ஆண்டுப் பிரெஞ்சுக் கையெழுத்துப் படியொன்றிலேயே இருக்கிறது. பச்சை முகமோ, 1939-இல் வெளியான 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' என்ற ஹாலிவுட் வண்ணப்படத்தால் பரவியது. பெண்டில் வழக்கில் பேய்த்துணையாக, அதாவது சூனியக்காரிக்கு ஏவல் செய்யும் பேயாக, சொல்லப்பட்ட பிராணிகள் பெரும்பாலும் நாய்கள். ஆனால் வியாபாரத்துக்குப் பூனைதான் பொருத்தம் போலும். நீங்கள் மான்செஸ்டருக்குப் போகும் எக்ஸ்43 பேருந்தின் பெயர் 'விட்ச் வே'. பெண்டில் நடைபாதையின் வழிகாட்டிப் பலகைகளில் விளக்குமாற்றில் பறக்கும் உருவம். பர்ன்லியில் வடிக்கும் ஒரு பீருக்கும் அந்தப் பெயர்தான். தூக்கிலேற்றிய மனிதர்களை நானூறு ஆண்டுகளில் பொம்மையாக்கி விற்கும் இந்தப் பழக்கத்தை என்னால் இன்றும் முழுமனதோடு ரசிக்க முடிவதில்லை. ரஃப்லீ கிராமத்தில், தூக்கிலிடப்பட்ட அந்தப் பத்துப் பேரில் ஒருவரான ஆலிஸ் நட்டருக்கு 2012-இல் ஒரு சிலை வைத்தார்கள்: தொப்பியில்லை, விளக்குமாறு இல்லை, கையில் விலங்கோடு நிற்கும் ஒரு சாதாரணப் பெண். பிள்ளையை முதலில் அங்கே கூட்டிப்போங்கள். பொம்மைக் கடைக்குப் பிறகு போகலாம்.

உங்கள் பக்கத்து வீட்டுப் பெண்மணி இந்த இரண்டிலும் சேராதவர். அவர் பெரும்பாலும் விக்கா என்ற சமயத்தையோ அதை ஒட்டிய பேகன் வழிபாட்டையோ (கிறிஸ்தவத்துக்கு முந்தைய தெய்வங்களையும் இயற்கையையும் போற்றும் வழிபாடு) சேர்ந்தவராக இருப்பார். அது பழைய காலத்து மதம் என்று சிலர் சொல்வார்கள்; வரலாற்றாய்வாளர்கள் அதை ஒப்புவதில்லை. அதை உலகறியச் செய்தவர் ஜெரால்டு கார்ட்னர். லிவர்பூல் பக்கத்தில் 1884-இல் பிறந்தவர். பதினாறாம் வயதில் இலங்கைக்குப் போய், நம் மலையகத் தமிழர் உழைத்த அதே தேயிலைத் தோட்டத் தொழிலில் பழகி, பிறகு போர்னியோவிலும் மலாயாவிலும் வேலை பார்த்து, ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பினார். 1735-ஆம் ஆண்டின் சூனியச் சட்டம், மந்திரசக்தி இருப்பதாகப் பாசாங்கு செய்வதைக் குற்றமாக்கியிருந்தது. அது 1951-இல்தான் நீக்கப்பட்டது. மூன்றாண்டுகளில், 1954-இல், கார்ட்னர் தம் வழிபாட்டைப் பற்றி வெளிப்படையாக நூல் எழுதினார். அவருடைய சடங்குகளுக்குரிய பாடல்களையும் மந்திரங்களையும் பெரும்பாலும் செப்பனிட்டவர் டோரீன் வாலியன்டி என்ற பெண்மணி. ஆக, இது நம் பாட்டிமார் வயதுகூட ஆகாத சமயம். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறக்குறைய 74,000 பேர் தங்களைப் பேகன் என்றும், 13,000 பேர் விக்கா என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

அவர்கள் சாத்தானைக் கும்பிடுவதில்லை. சாத்தான் கிறிஸ்தவ நம்பிக்கையின் பாத்திரம், இவர்களுடைய சமயத்தில் அவனுக்கு இடமில்லை. பெண் தெய்வம், ஆண் தெய்வம், பௌர்ணமி, ஆண்டுக்கு எட்டுப் பண்டிகை, நான்கு திசை, நிலம் நீர் தீ காற்று. என் சகபணியாளர் இந்தப் பட்டியலைச் சொன்னதும், 'இதற்காகவா நான் இரண்டு மாதம் தேநீர் குடிக்கவில்லை' என்று மனத்துக்குள் கேட்டுக்கொண்டேன். மந்திரம் செய்வதுண்டா என்றால், உண்டு. மெழுகுவத்தி ஏற்றி நினைத்ததை வேண்டிக்கொள்வதை அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். எவருக்கும் தீங்கு செய்யாதவரை விரும்பியதைச் செய் என்பது அவர்களிடையே பெரிதும் மதிக்கப்படும் நெறி. வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி. நாம் முடி காணிக்கை செலுத்துவதைப் பற்றி அவர் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

இப்போது அந்தத் தட்டுக்கு வருகிறேன். ஆகஸ்டு முதல் தேதி இங்கே 'லாமஸ்'. ரொட்டித் திருப்பலி என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல் அது. முதல் அறுவடைக் கோதுமையில் ரொட்டி சுட்டுப் பகிர்ந்துகொள்ளும் நாள், தேவாலயங்களிலும் உண்டு, பேகன்களுக்கும் உண்டு. நாம் புதுநெல்லில் பொங்கி அடுத்த வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது போல. சிவந்த பழக்கொத்துக் குச்சி ரோவன் மரத்தினுடையது. அதன் கிளையில் சிவப்பு நூல் சுற்றி வாசலிலும் மாட்டுக் கொட்டிலிலும் கட்டுவது பிரிட்டன் நாட்டுப்புறங்களின் பழைய வழக்கம். எதற்காகத் தெரியுமா? சூனியம் அண்டாமலிருக்க. நாம் வேப்பிலைக் கொத்துச் செருகுகிற அதே காரணம். புதிதாகக் குடிவந்த உங்கள் வீட்டுக்குக் காப்புக் கட்டிக் கொடுத்த பெண்மணியைப் பார்த்துத்தான் நீங்கள் எலுமிச்சம்பழம் சுற்றியிருக்கிறீர்கள். விளக்குமாறும் அப்படித்தான், நம் வீட்டில் வாசலில் அது இருந்தால் மூதேவி என்போம், அவர்களுக்கு அது வீட்டுக்குள் தீயவை நுழையாமல் பெருக்கித் தள்ளும் அடையாளம். நியூசர்ச் கிராமத்துத் தேவாலயக் கோபுரத்தில் ஒரு கண் உருவம் இருக்கிறது. சூனியத்திலிருந்து காக்கும் கடவுளின் கண் என்று ஊரார் சொல்வார்கள். நம் ஊர்க் கட்டடங்களில் தொங்கும் திருஷ்டி பொம்மையை நினைத்துக்கொண்டு ஒருமுறை போய்ப் பாருங்கள்.

பணியிடத்தில் ஒரு சொல். நோயாளியின் சேர்க்கைப் படிவத்தில் சமயம் 'பேகன்' என்று இருந்தால் புன்னகை செய்யாதீர்கள். 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் அவர்களுக்கும் பாதுகாப்புத் தருகிறது. படுக்கையருகே கல்லோ ஐந்துமுனை நட்சத்திரமோ இருந்தால், கேட்காமல் நகர்த்தக் கூடாது. உங்கள் விபூதிச் சம்படத்தை மற்றவர் எடுத்து ஓரமாக வைத்தால் எப்படி இருக்குமோ அப்படி. அக்டோபர் 31 வரும். பிள்ளைகள் வேடம் போட்டு இனிப்புக் கேட்டு வருவார்கள், வாசலில் பூசணி வைக்காத வீட்டுக் கதவைப் பெரும்பாலும் தட்டமாட்டார்கள். அதே இரவு உங்கள் பக்கத்து வீட்டில் சத்தமில்லாமல் இறந்தவர்களுக்காக ஓர் இருக்கை காலியாக விடப்பட்டு உணவு பரிமாறப்பட்டிருக்கலாம். மகாளய அமாவாசைக்கு இலைபோட்டுப் படைக்கும் நமக்கு அது அந்நியமாகத் தெரிய வேண்டியதில்லை.

நீங்கள் உண்மையிலேயே எச்சரிக்கையாக இருக்க வேண்டியது நம்மவரிடம்தான். லண்டன், மான்செஸ்டர் கடைகளில் 'செய்வினை, ஏவல் எடுத்துத் தரப்படும்' என்ற துண்டுப் பிரசுரங்களைப் பார்ப்பீர்கள். விசா தாமதமான வருத்தத்தில் அப்படி ஒருவரைக் கூப்பிட்ட என் உறவுக்காரப் பெண், முதலில் ஐம்பது பவுண்டு, பிறகு பரிகாரம், பிறகு 'நிறுத்தினால் குழந்தைக்கு ஆபத்து' என்ற மிரட்டல் என்று ஆறு வாரத்தில் நான்காயிரம் பவுண்டு இழந்தாள். வெட்கத்தில் அவள் போலீசுக்கும் போகவில்லை. அடுத்தது இன்னும் முக்கியம்: பள்ளியிலோ மருத்துவரிடமோ 'பிள்ளைக்குப் பேய் பிடித்திருக்கிறது', 'யாரோ வைத்துவிட்டார்கள்' என்று விளையாட்டுக்கும் சொல்லாதீர்கள். 2000-ஆம் ஆண்டில் லண்டனில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, பேய் பிடித்தவள் என்று சொல்லப்பட்டு, வளர்த்தவர்களின் சித்திரவதையில் இறந்தாள். 2010-இல் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் சூனியம் செய்பவன் என்று குற்றம் சாட்டப்பட்டுக் கொல்லப்பட்டான். அதனால் ஆசிரியர்களும் நாமும் இந்தச் சொற்களைக் கேட்டால் குழந்தைப் பாதுகாப்புப் பிரிவுக்குத் தெரிவிக்கும்படி பயிற்றுவிக்கப்படுகிறோம். கன்னத்து மைப்பொட்டுக்கும் அரைஞாண் கயிற்றுக்கும் எவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். கேட்டால் என்னவென்று சொல்லிவிடுங்கள்.

தட்டு உங்களிடமே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், நம் வழக்கப்படி வெறும் தட்டாக அல்லாமல். கொழுக்கட்டை வைக்கலாம், முந்திரி, எள் ஒவ்வாமை உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ரொட்டி எப்படி இருந்தது என்று அவர் கேட்பார். நான் அந்தத் தேநீரைப் பற்றிப் பதினோரு ஆண்டு கழித்துத்தான் உண்மையைச் சொன்னேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நீங்கள் அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். உங்கள் ஊர்ச் சுடலைமாடன் கோயில் கொடையில் நள்ளிரவில் சாமியாடி தீப்பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போவதை அவருக்குச் சொல்லுங்கள்; அடுத்த கேள்வியை அவர்தான் கேட்பார்.