பக்கத்து இருக்கை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எனக்கு 60 வயது, என் கணவருக்கு 64. வெளிநாட்டில் நாங்களே கார் ஓட்டிக்கொண்டு சுற்றிப் பார்க்க ஆசை. பிள்ளைகளோ, ‘சுற்றுலாக் கூட்டத்தோடு போனால் போதும்’ என்கிறார்கள். முதல் பயணத்துக்கு எந்த நாடு சரிப்படும்?
– வாசகி, கும்பகோணம்

மலேசியாவுக்குப் போங்கள். நானும் என் கணவரும் முதன்முதலில் வெளிநாட்டில் கார் ஓட்டியது அங்கேதான். நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டுகிறார்கள், ஸ்டியரிங் வலப்பக்கம். நாற்பது வருடம் பழகிய கையை மாற்ற வேண்டியதில்லை என்பது நம் வயதில் பெரிய நிம்மதி. 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா தேவையில்லை என்று அறிவித்திருக்கிறார்கள். டிக்கெட் எடுக்கும் முன் அன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்குங்கள், ஓராண்டுக்குச் செல்லும். நம் ஊர் உரிமமும் உடன் இருக்க வேண்டும்.

தள்ளிப்போடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. வாடகைக் கார் தருபவர்களில் சிலர் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வண்டி கொடுப்பதில்லை. உங்கள் கணவருக்கு 64 என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வருடமே கிளம்புங்கள்.

கோலாலம்பூரிலிருந்து ஈப்போ சுமார் 200 கிலோமீட்டர். ஈப்போவிலிருந்து பினாங்கு அதைவிடக் குறைவு. ஒரு நாளில் 200 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுவதில்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம். வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடிக்கு ‘டச் அண்ட் கோ’ அட்டையில் பணம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். வழியில் ‘ஆர் அண்ட் ஆர்’ என்ற ஓய்விடங்கள் வரும். ஒன்றில் கட்டாயம் நிறுத்துங்கள். கழிப்பறை, தொழுகை அறை, சாப்பாட்டுக் கடைகள், நறுக்கிய பழம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். கொய்யாத் துண்டின் மேல் புளிப்பும் உப்புமான ஒரு பொடியைத் தூவித் தருவார்கள். அதற்காகவே நான் இரண்டு முறை வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

கேள்வி: நான் அசைவம், மனைவி சுத்த சைவம். பினாங்கில் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட முடியுமா?
– வாசகர், நாமக்கல்

முடியும். எங்கள் வீட்டிலும் இதே கதைதான், சைவம் நான். ஆனால் உங்கள் மனைவி ஒரு சொல்லை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்: பெலாச்சான். இறாலைப் புளிக்க வைத்து அரைத்த விழுது அது. கீரைப் பொரியல் என்று நம்பித் தட்டை வாங்குவோம், அதற்குள் அது இருக்கும். தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறான நாசி லெமாக்கோடு வரும் சம்பலில் நெத்திலி இருக்கும். நம் பரோட்டா போன்ற ரொட்டி சானாய் கேட்டால், பருப்பை மட்டும் தனியாகத் தரச் சொல்லுங்கள். பேசாமல் இருந்தால் மீன் குழம்பையும் சேர்த்து ஊற்றிவிடுவார்கள். பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவில் தமிழிலேயே கேட்கலாம். அங்கே வாழையிலைச் சாப்பாடு உண்டு. சீனர்களின் சைவக் கடைகளையும் விட்டுவிடாதீர்கள். பலவற்றில் வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்ப்பதில்லை.

உங்களுக்கு நாசி கண்டார். ‘கண்டார்’ என்பது தோளில் சுமக்கும் காவடித் தடியைக் குறிக்கும் மலாய்ச் சொல். தமிழ் முஸ்லிம்கள் தடியின் ஒரு முனையில் சோறும் மறுமுனையில் குழம்புமாகத் தெருத்தெருவாகச் சுமந்து விற்றது அது. என் கணவர் வாங்கியபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். பரிமாறியவர் இடக்கையில் தட்டைப் பிடித்துக்கொண்டு, கோழிக் குழம்பில் ஒரு கரண்டி, மீன் குழம்பில் ஒரு கரண்டி, பருப்பில் ஒரு கரண்டி என்று சோற்றின் மேல் ஊற்றிக்கொண்டே நகர்ந்தார். சோறு கண்ணுக்குத் தெரியாமல் போகும் வரை ஊற்றுவதற்கு ‘பஞ்சிர்’ என்று பெயர்; வெள்ளம் என்று பொருள். என் கணவர் அதைத்தான் கேட்டார். முதல் கவளம் வாயில் வைத்ததும், ‘எங்க அம்மா முதல் நாள் குழம்பைச் சுண்ட வைத்து மறுநாள் ஊற்றுவாளே, அந்த ருசி’ என்றார்.

கடைசியில் இருவருக்கும் செண்டோல். துருவிய பனிக்கட்டி, தேங்காய்ப்பால், தென்னை வெல்லம், பச்சை நிறத்தில் இடியாப்பத் துண்டு போன்ற மாவிழை. ஒரே கிண்ணத்தில் இரண்டு கரண்டி போட்டுச் சாப்பிடலாம்.

கேள்வி: சுற்றுலாப் பட்டியலில் எல்லோரும் தவறவிடும் இடம் ஒன்று சொல்லுங்களேன்.
– வாசகி, ராஜபாளையம்

ஈப்போவுக்குத் தெற்கே பத்து காஜா அருகில் கெல்லி கோட்டை இருக்கிறது. அதைப் பலரும் பார்க்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்கு அவர்களில் பாதிப்பேர்கூடப் போவதில்லை. எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

வில்லியம் கெல்லி ஸ்மித் ஸ்காட்லாந்துக்காரர், ரப்பர் தோட்ட முதலாளி. 1915 வாக்கில் மாளிகையைத் தொடங்கினார். வேலை செய்தவர்கள் நம் தமிழ்த் தொழிலாளர்கள். முதல் உலகப்போரின் முடிவில் பரவிய காய்ச்சலில் அவர்களில் பலர் இறந்தார்கள். அம்மனுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று மிஞ்சியவர்கள் கேட்டார்கள்; அவர் கட்டிக் கொடுத்தார். 1926இல் லிஸ்பனில் அவர் இறந்துபோக, மாளிகை பாதியில் நின்றுவிட்டது. அந்தப் பாதி வீட்டைத்தான் இன்று டிக்கெட் வாங்கிப் பார்க்கிறோம்.

கோயில் கூரையை அண்ணாந்து பாருங்கள். தெய்வங்களின் வரிசையில் வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக ஒரு துரை நிற்பார். அவரைத் தங்கள் சாமிகளின் பக்கத்தில் நிறுத்திய மனிதர்களின் பெயர் ஒன்றுகூட எனக்குத் தெரியவில்லையே என்று வெகுநேரம் நின்றேன். பேருந்தில் கூட்டத்தோடு போயிருந்தால் அந்த நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. கும்பகோணம் வாசகியின் பிள்ளைகளுக்கும் இதையே சொல்வேன்.

கேள்வி: வாடகைக் காரில் ஏமாறாமல் இருக்க வழி?
– வாசகர், திருப்பூர்

வண்டியை வாங்கும்போதே நான்கு பக்கமும், சக்கர விளிம்பும், கண்ணாடியும், பெட்ரோல் முள்ளும் தெரியப் படம் எடுங்கள். எங்களிடம் ஒரு நிறுவனம், ஏற்கெனவே இருந்த கீறலுக்காக முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டது. எங்கள் கையில் சான்று இல்லை. இப்போது நான் படம் எடுத்து முடிக்கும் வரை என் கணவர் சாவியைத் தொடுவதில்லை.

கேள்வி: காரில் நீங்கள் இருவரும் சண்டை போட்டதே இல்லையா?
– வாசகி, விருதுநகர்

போட்டிருக்கிறோம். ஈப்போவுக்குத் திரும்பும் வழியை நான் முன்கூட்டியே சொல்லவில்லை என்றார் அவர். சொன்னதைக் காதில் வாங்கவில்லை என்றேன் நான். இரண்டு வெளியேறும் வழிகளும் போய்விட்டன. மெனோரா சுரங்கப்பாதையையும் கடந்துவிட்டோம். வண்டிக்குள் பேச்சே இல்லை. கோலகங்சார் என்ற ஊரில்தான் நெடுஞ்சாலையை விட்டு இறங்க முடிந்தது.

அங்கே மேட்டின் மேல் தங்கநிறக் குமிழ் மாடத்தோடு உபுடியா மசூதி. 1917இல் கட்டி முடித்தது. கட்டும்போது இரண்டு யானைகள் சண்டை போட்டு, இத்தாலியிலிருந்து வந்த பளிங்குக் கற்களை மிதித்து உடைத்துவிட்டனவாம், மறுபடியும் தருவித்தார்களாம். அதை அவரிடம் படித்துச் சொன்னேன். யானைக் கதை கேட்டால் அவருக்கு ஆறு வயதாகிவிடும். எப்படி உடைத்தன, யாருடைய யானைகள் என்று கேட்டுக்கொண்டே வந்தார். மசூதி வாசல் மரநிழலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

ஈப்போவுக்குத் திரும்பும்போது நான் ஓட்டினேன். வழி சொன்னது அவர்.